தேர்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு மாணவர்களிடம் என்ன வேலை?

வந்த கேள்வியின் சாரம் இது: “தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். மனைவி அரசு உதவிபெறும் கல்லூரியில் இயற்பியல் இணைப்பேராசிரியராக இருந்தவர். இருவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. சம்பளம் எதுவும் வேண்டாம், மாணவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும். எங்கே போவது, யாரைக் கேட்பது? பழைய இடத்துக்கே போகலாமா? மனைவிக்காவது பாடம் நடத்தத் தெரியும். எனக்கு ஃபைல் பார்க்க மட்டும்தானே தெரியும்?”

ஐயா, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபைல் பார்த்தவருக்குத்தான் தேவை அதிகம். பாடம் நடத்தத் தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் பத்துப் பேர் கிடைப்பார்கள். யூடியூபில் இன்னும் நூறு பேர் இருக்கிறார்கள். ‘ரிசல்ட்டில் வித்ஹெல்டு (நிறுத்திவைப்பு) என்று வந்திருக்கிறது, என்ன செய்ய?’ என்று பதறி நிற்கும் பையனை உட்காரவைத்து, “கட்டணம் ஏறாமல் இருக்கலாம், இன்டெர்னல் மார்க் வராமல் இருக்கலாம், வேறு ஏதாவது விசாரணையும் இருக்கலாம், உன்னுடையது எது என்று முதலில் கல்லூரி அலுவலகத்தில் கேள், இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்” என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 18 முதல் 23 வயதினரின் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47, நாடு முழுக்கப் பார்த்தால் 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்த எண்ணுக்குள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகள் ஏராளம். கல்லூரி முதல்வரின் அதிகாரம் எங்கே முடிகிறது, பல்கலைக்கழகத்தின் வேலை எங்கே தொடங்குகிறது, ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும், தாலுகா ஆபீசில் எதைக் கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஒரே காகிதத்துக்கு நான்கு அலுவலகம் அலைந்துவிட்டு, ‘போகட்டும், அந்த ஸ்காலர்ஷிப்பே வேண்டாம்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கையில் இருக்கும் சரக்கு என்ன என்று பார்ப்போம். பெயர்ப் பிரச்சினை ஒன்று போதும் உதாரணத்துக்கு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘மு. கார்த்திக்’ என்று இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வந்திருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால் போயிருக்கும். கல்லூரிச் சேர்க்கைப் பதிவில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியிருக்கும். மூன்று வருடம் யாரும் கவனிக்க மாட்டார்கள். பட்டச் சான்றிதழ் அச்சாகி, கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்து, சான்றிதழ் சரிபார்ப்பு வரும்போதுதான் வெடிக்கும். முதல் செமஸ்டரிலேயே எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுச் சரிசெய்திருந்தால் ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாணவனுக்குத் தெரியாது. அவனுடைய வகுப்பாசிரியருக்கும் பல நேரம் தெரியாது.

வருகைப்பதிவு இன்னொன்று. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் வேண்டும், 65-க்கு மேல் இருந்தால் வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணமும் காரணச் சான்றும் கொடுத்துத் தப்பிக்கலாம், அதற்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. பகுதிநேரமாகக் கடையில் நின்று சம்பாதித்துப் படிக்கும் பையனுக்கு இந்த எல்லைக்கோடு செப்டம்பரிலேயே தெரிந்தால் கணக்குப் போட்டுக்கொள்வான். ஹால் டிக்கெட் நிறுத்திவைக்கப்பட்ட பிறகு தெரிந்தால் அழுவான். அப்புறம் மறுமதிப்பீடு, விடைத்தாள் நகல், அரியர் எழுதும் வாய்ப்புகள் எத்தனை ஆண்டு வரை, பழைய பாடத்திட்டத்தில் தோற்ற தாளுக்கு ஈடான புதிய தாள் எது... இதையெல்லாம் நீங்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். இதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள்.

உதவித்தொகைப் பக்கம் வருவோம். இங்கேதான் பெரிய அளவில் பணம் கைநழுவிப் போகிறது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய் மாணவர் கணக்குக்கே நேராகப் போகிறது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கும், பிறகு சேர்க்கப்பட்டபடி உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உரியது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. ‘எனக்குப் பணம் வரவில்லை’ என்று ஒரு பெண் வந்து நின்றால், கல்லூரியைக் குறை சொல்லும் முன் ஒன்றைப் பாருங்கள். நேரடிப் பணம் எல்லாம் ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். பள்ளியில் ஒரு கணக்கு, கல்லூரியில் ஒரு கணக்கு, நகைக்கடன் வாங்கப் போன இடத்தில் அம்மா திறந்துவைத்த இன்னொரு கணக்கு என்று மூன்று இருக்கும். பணம் எங்கேயோ ஒன்றில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றை ஜூன், ஜூலையிலேயே இ-சேவையில் போட்டு வாங்கிவிட வேண்டும்; கல்லூரி கேட்கும்போது போய் நின்றால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரியிலும் கட்டணச் சலுகை தரும் 2012-ஆம் ஆண்டின் 92-ஆம் எண் அரசாணையைப் பெற்றோர் கையில் ஒரு நகல் கொடுத்தாலே பாதி வாக்குவாதம் குறையும். முதல் பட்டதாரிச் சான்றிதழ், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கான கட்டண விலக்கு இவற்றையும் அப்படியே படித்து வைத்துக்கொள்ளுங்கள். அரசாணையைப் படித்து அதன் பொருளைப் பிரித்துச் சொல்வது உங்களுக்குக் கைவந்த கலை. அதுவே பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வேற்றுமொழி.

கல்விக்கடனும் இந்த வரிசையில் வரும். உங்களோடு ஓய்வு பெற்ற நிதிப்பிரிவு நண்பர் யாராவது இருந்தால் இதை அவரிடம் விட்டுவிடுங்கள். நாலு லட்சம் வரை பெற்றோர் கூட்டுக் கையெழுத்தே போதும், ஏழரை லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் சொத்து அடமானம் இல்லாமலே தரலாம். இருந்தும் கிளை மேலாளர் வீட்டுப் பத்திரம் கேட்கிறார் என்று திரும்பி வருகிறார்கள். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிந்து, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கப் பழக்கிவிட வேண்டும். கூடவே போய் ஒரு பெரியவர் அமைதியாக உட்கார்ந்திருந்தாலே மேலாளரின் குரல் மாறும். இது நியாயமா என்று கேட்காதீர்கள், நடைமுறையைச் சொல்கிறேன்.

சரி, எங்கே போவது?

கல்லூரிக்கு உள்ளே நுழைவதைவிட, கல்லூரிக்கு வெளியே இருக்கும் வாசல்கள் எளிது. நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. அதன் கீழ் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சியும், பிளஸ் டூ முடித்து எங்கும் சேராமல் நின்றவர்களுக்கு ‘உயர்வுக்குப் படி’ முகாமும் மாவட்ட அளவில் நடக்கின்றன. கல்லூரிக் கனவில் மேடைப் பேச்சு அதிகம், அதற்குப் பேச்சாளர்கள் போதும் போதும் என்று இருக்கிறார்கள். நீங்கள் போக வேண்டியது உயர்வுக்குப் படி முகாமுக்கு. அங்கே வருவது தோற்றவர்கள், வீட்டில் அனுப்ப மறுத்தவர்கள், டி.சி. வாங்கவே போகாதவர்கள். ஒவ்வொருவர் எதிரிலும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலகத்தில் தன்னார்வலராக வருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவர் வழியாகப் போவதுதான் வேகம். பள்ளிகளுக்கான ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ தளத்திலும், மத்திய அரசின் வித்யாஞ்சலி தளத்திலும் தன்னார்வலராகப் பதியலாம்தான். பதிந்துவிட்டு போன் வரும் என்று காத்திருக்காதீர்கள். நேரில் போங்கள்.

பொறியியல் கலந்தாய்வுக் காலம் தனி. 2018 முதல் அது இணையத்தில் நடக்கிறது. சேவை மையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன, அங்கே அரசு ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆனால் விருப்பப் பட்டியல் போடும் அந்த ஓரிரு நாட்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க அவர்களால் முடியாது. பத்துக் கல்லூரியைப் போட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ‘ஏற்றுச் சேர்கிறேன்’ என்பதற்கும் ‘ஏற்றுக்கொள்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்’ என்பதற்கும் வித்தியாசம் புரியாமல் பிரவுசிங் சென்டர்காரர் சொன்னதை அழுத்திவிடுவார்கள். நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு மேசை, ஒரு லேப்டாப், முந்தைய ஆண்டுகளின் கட்ஆஃப் பட்டியல் இருந்தால் நீங்களும் உங்கள் துணைவியாரும் சேர்ந்தே இதைச் செய்யலாம். இதில் ஒரு கட்டுப்பாடு மட்டும். பிள்ளையின் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. மௌஸ் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். ‘அந்தக் கல்லூரி வேண்டாம்மா’ என்று சொல்லத் தோன்றும். அங்கே போன ஆண்டு எத்தனை பேர் எல்லாத் தாளிலும் தேறினார்கள் என்று எடுத்துக் காட்டுங்கள், முடிவை அவர்களே எடுக்கட்டும்.

கல்லூரி விடுதிகள் இன்னொரு இடம். அரசின் நல விடுதிகளுக்கு 2025-ல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே போய்ப் பாருங்கள். படிக்க மனமுள்ள பிள்ளைகள், சந்தேகம் கேட்க ஆள் இல்லாமல் இருப்பார்கள். மாவட்ட நல அலுவலரின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். காப்பாளர் வாய்மொழியாக ‘வாங்க சார்’ என்றது போதாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தையும் மறக்காதீர்கள். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகளுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள், வெளியிலிருந்து வந்து வகுப்பெடுப்பவர்களை வரவேற்கிறார்கள். அலுவலக நடைமுறை தெரிந்த உங்களை நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொள்வார்கள்.

அறக்கட்டளைகள் வழியாகப் போக விரும்பினால், நடிகர் சூர்யா 2006-ல் தொடங்கிய அகரம் பரவலாகத் தெரிந்த பெயர். 2010 முதல் நடக்கும் அதன் விதைத் திட்டத்துக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முன் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் நிலைமையைப் பார்த்து வருகிறார்கள், சேர்ந்த பிறகு வழிகாட்டியாகவும் இருக்கிறார்கள். வீடு பார்த்து வரும் வேலைக்கு உங்களைப் போன்றவர்கள் பொருத்தம். அறிக்கையை மிகைப்படுத்தாமல் எழுதத் தெரியும்.

துணைவியாருக்கு வருகிறேன். பேராசிரியர்கள் ஓய்வு பெற்றதும் முதலில் நினைப்பது, பழைய கல்லூரியில் இலவசமாக வகுப்பெடுப்பது. இதை நான் ஆதரிக்க மாட்டேன். அரசுக் கல்லூரிகள் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் ஓடுகின்றன. விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட்டும் பிஎச்.டி.யும் முடித்துவிட்டு, குறைந்த தொகுப்பூதியத்தில் நாற்பது வயது வரை காத்திருக்கிறார்கள். காலிப் பணியிடத்தில் ஓய்வூதியம் வாங்குபவர் சும்மா வந்து பாடம் நடத்தினால், நிர்வாகத்துக்கு ஒரு சம்பளம் மிச்சம், அந்த இளைஞருக்கு ஒரு வேலை குறைவு. நல்ல மனதோடு செய்யும் தொண்டு யாருடைய சாப்பாட்டிலாவது கைவைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் செய்ய வேண்டியது வகுப்பு நேரத்துக்கு வெளியே இருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்து முதல் செமஸ்டர் இயற்பியலை ஆங்கிலத்தில் சந்திக்கும் பிள்ளைக்கு விசை, உந்தம், நிலைமம் எல்லாம் தெரியும். அவற்றின் ஆங்கிலச் சொற்கள்தான் தெரியாது. தேர்வில் கேள்வி புரியாமல் விட்டுவிட்டு வருவான். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருநாள் மாலை அவனோடு உட்கார்ந்தால் அரியரே விழாது. இதற்கு எதிர்த்திசையிலும் தேவை உண்டு. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படைப் பாடத்தின் குறிப்புகளை நல்ல தமிழில் எழுதித்தர இயற்பியல்காரர்கள் வேண்டும். ஆய்வகப் பதிவேடு எழுதுவது, பிழைக் கணக்கீடு, வரைபடத்தில் சாய்வு காண்பது இவற்றை அவசர அவசரமாக நடக்கும் வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆய்வு மாணவர்கள் பக்கம் அவர் போகலாமா என்றால், ஓரளவுக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2022 பிஎச்.டி. விதிப்படி, ஓய்வுக்கு முன்பே தன்னிடம் பதிந்திருந்த மாணவர்களுக்கு ஓய்வுக்குப் பின் இணை நெறியாளராகத் தொடரலாம், 70 வயது வரை. புதிதாக மாணவர் எடுக்க முடியாது. அதிகாரபூர்வமாக இல்லாமல், கட்டுரையின் ஆங்கிலத்தைச் சரிபார்ப்பது, வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு ஒத்திகை பார்ப்பது, நெறியாளரோடு பேச்சுவார்த்தை நின்றுபோன பிள்ளைக்குக் காது கொடுப்பது இவற்றுக்கு எந்த விதியும் தடை இல்லை. கடைசியாகச் சொன்னதில் மட்டும் நெறியாளருக்கு எதிராக ஆலோசனை சொல்லும் இடத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது தொழில்துறையிலிருந்து வருபவர்களுக்கானது. பணியில் இருக்கும் ஆசிரியருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் அது பொருந்தாது என்று யூஜிசி வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. மாணவர் குறைதீர் நடுவர் பதவி, அதாவது ஆம்பட்ஸ்பர்சன், 2023 விதிகளின்படி ஓய்வு பெற்ற துணைவேந்தர், பத்தாண்டு பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், முன்னாள் மாவட்ட நீதிபதி ஆகியோருக்கு உரியது. துணைவியார் இணைப்பேராசிரியராக ஓய்வு பெற்றதால் அதற்குப் போக முடியாது. அதனால் என்ன? அந்த நடுவரிடம் போகும் முன் மாணவர் தன் புகாரை முதலில் நிறுவனத்தின் குறைதீர் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அந்த மனுவைத் தேதி வாரியாக, கோபம் இல்லாமல், இணைப்புகளோடு எழுத உதவ யார் இருக்கிறார்கள்? மறுபடியும் நீங்கள்தான் ஐயா.

பார்வைத்திறன் குறைந்த மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லோரும் தேர்வு எழுதித்தர ஓடுகிறார்கள். மாணவர் தாமே அழைத்துவரும் ஸ்க்ரைப், தேர்வெழுதும் மாணவரின் தகுதியைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று 2018-ன் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் சொல்லியிருந்தன; 2025-ல் அவற்றை மாற்றிப் புதிய நெறிகள் வந்துவிட்டன. எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்தவர் பி.எஸ்சி. மாணவருக்கு எழுதப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், மாணவருக்குத்தான் சங்கடம். நீங்கள் செய்ய வேண்டியது ஸ்க்ரைப்களின் பட்டியல் ஒன்றைப் பராமரிப்பது. தேர்வுக் கால அட்டவணை வந்த அன்றே எந்த மாணவருக்கு எந்தத் தாளுக்கு யார் என்று பொருத்தி, அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி, கடைசி நேரத்தில் ஒருவர் வராவிட்டால் மாற்று ஆளைக் கையில் வைத்திருப்பது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் அவர்களுடைய உரிமை. அறைக் கண்காணிப்பாளருக்கு அது தெரியாவிட்டால் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை. பழைய பாடக்குறிப்புகள், தொலைநிலைக் கல்விப் புத்தகங்கள் எல்லாம் ஸ்கேன் செய்த படங்களாகவோ பாமினி போன்ற பழைய எழுத்துருவிலோ கிடக்கின்றன. திரைவாசிப்பான் மென்பொருள் அதைப் படிக்காது, படித்தாலும் உளறும். அதையே யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தால் என்விடிஏ போன்ற இலவச மென்பொருளே வாசித்துவிடும். உங்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் தட்டச்சு ஹையர் முடித்து ஓய்வு பெற்ற தட்டச்சர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பழைய தட்டச்சு விசைப்பலகை அமைப்பிலேயே யூனிகோடில் அடிக்கலாம், புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவர்களும் செய்யலாம். காப்புரிமை பற்றிப் பயப்பட வேண்டாம்: 2012-ல் செய்த காப்புரிமைச் சட்டத் திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற அனுமதிக்கிறது. மாற்றியதை ஊருக்கெல்லாம் சுற்றுக்கு விடக்கூடாது, அவ்வளவுதான்.

பழைய இடத்துக்கே போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் ஒன்றிரண்டு ஆண்டு வேண்டாம் என்பேன். நீங்கள் போய் நின்றால் செக்‌ஷனில் எழுந்து நிற்பார்கள், ‘அண்ணன் சொல்லிட்டார்’ என்று ஒரு ஃபைல் வரிசையைத் தாண்டும். அந்த நாளிலிருந்து உங்கள் உதவிக்குச் சிபாரிசு என்று பெயர். அதை மோப்பம் பிடித்துப் பணம் கொடுத்துக் காரியம் முடிக்க நினைப்பவர்களும் வருவார்கள். விடைத்தாளில் பதிவெண்ணை மறைக்கப் போடும் டம்மி எண், கேள்வித்தாள் அச்சு, மதிப்பீட்டு முகாம் பற்றி உங்களுக்குத் தெரிந்த எதையும் மாணவரிடம் கதையாகக்கூடச் சொல்லக் கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துணைவியார் இன்னும் வினாத்தாள் தயாரிப்பவராகவோ தேர்வாளராகவோ இருந்தால், அந்தத் தாளை எழுதும் மாணவர்களுக்கு அந்தப் பாடத்தில் உதவ வேண்டாம். இரண்டில் ஒன்றை விட்டுவிடட்டும்.

வேறு கல்லூரியை அணுகும்போது முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். ‘வாரம் ஒருநாள், இன்ன கிழமை, இன்ன நேரம், சான்றிதழ் மற்றும் உதவித்தொகை சார்ந்த சந்தேகங்களுக்கு மாணவர்களைச் சந்திக்கிறேன், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும்’ என்று எழுதுங்கள். ‘என்ன வேண்டுமானாலும் செய்கிறேன்’ என்று எழுதினால் ஆண்டுவிழாவில் பரிசு கொடுக்கக் கூப்பிடுவார்கள். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் மாணவர் ஆதரவுக்குத் தனி அளவுகோல் இருப்பதால் உள்தர உறுதி மைய ஒருங்கிணைப்பாளர் ஆர்வம் காட்டுவார். போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், நமக்கு நஷ்டமில்லை. போட்டோ எடுத்த மறுவாரமும் மேசை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் இருப்பார்கள். தனி அறையில் சந்திக்காதீர்கள், வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள், காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்டால் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுங்கள். காகித வேலைக்கு வந்த பிள்ளை பேச்சோடு பேச்சாக உயிர் வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், அறிவுரை வேண்டாம். கூடவே இருந்து மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைக்கச் செய்யுங்கள், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். கல்லூரியில் பொறுப்பானவர் ஒருவருக்கும் உடனே தெரிவித்துவிடுங்கள். ராகிங் என்றால் 1800-180-5522.

பணம் கொடுக்கத் தோன்றும். தனிப்பட்ட முறையில் கடன் கொடுக்காதீர்கள், உறவு கெடும். ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து பல்கலைக்கழகத்தில் அறக்கட்டளைப் பரிசு வைப்பது நம் வழக்கம். ஒரு லட்சம் போட்டால் ஏழு சதவீத வட்டியில் ஆண்டுக்கு ஏழாயிரம் வரும், அது முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குப் பட்டமளிப்பு விழாவில் பதக்கமாகப் போகும். அந்தப் பிள்ளைக்கு எப்படியும் நான்கு பதக்கம் உண்டு. அதே ஒரு லட்சத்தைத் தேர்வுக் கட்டணச் சுழல்நிதியாகக் கல்லூரிக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கடைசித் தேதிக்குள் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் புரட்ட முடியாமல் ஒரு செமஸ்டரை இழக்கும் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே சுற்றில் கட்டிவிடலாம். உதவித்தொகை வந்ததும் பலர் திருப்பித் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். வராததை எழுதித் தள்ளிவிட்டு அடுத்த செமஸ்டருக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்குவது என்றால், பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே கடிதங்களை அனுப்பிவிடுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை சேர்க்கை, சான்றிதழ், கலந்தாய்வு. செப்டம்பர், அக்டோபரில் உதவித்தொகை விண்ணப்பமும் வருகைப்பதிவும். நவம்பரில் ஹால் டிக்கெட், ஸ்க்ரைப். தேர்வு முடிவு வந்ததும் மறுமதிப்பீடு. நடுவில் உள்ள வாரங்களில் யாருமே வராமல் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். அப்போதும் அதே கிழமை, அதே நேரம் போங்கள். பயிலும் வட்டம் போன்ற இடங்களில் மதிப்பூதியம் என்று சிறு தொகை நீட்டினால் வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போடுங்கள். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், உங்களுக்கு அடுத்து வரும் ஓய்வூதியம் இல்லாத இளைஞரும் கேட்கக் கூச்சப்படுவார். வாங்கியதைத் தேர்வுக் கட்டண நிதியில் போட்டுவிடலாம்.